கிளட்ச் கால்

மார்ச் 4, திங்கள்

பல் டாக்டர் வண்டி திரும்பவும் வந்திருக்கிறது. போன நவம்பரில்தான் புது கிளட்ச் போட்டேன். எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டிய சாமான் ஒன்பதாயிரத்தில் கையை விரித்துவிட்டது. கியர்பாக்ஸை இறக்கினதும் பட்டறை முழுக்க அந்த நாத்தம். முடி பொசுங்கினால் வருமே, அது. லேப்டாப்காரன்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தான். இன்ஜினுக்குக் கம்ப்யூட்டரில் பலம் ஏத்துகிறவன் அவன். கையில் கிரீஸ் படாமல் மெக்கானிக் என்று சொல்லிக்கொள்கிற ஒரே பிறவி. தப்பில் பாதி அவனுடையது. முந்நூறு குதிரை இருந்த இடத்தில் நானூற்றி இருபதை ஏத்திவிட்டான். கிளட்ச் மட்டும் கம்பெனி போட்டுக் கொடுக்கிற அதே ரகம். குதிரையை மாத்திவிட்டு லகானை மாத்தாத கதை. மீதி பாதி டாக்டருடைய கால்.

டாக்டர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். “என்னப்பா, சாமான் மட்டமா?”

“சாமான் தங்கம் சார். பல்லைப் புடுங்கும்போது மரத்துப்போக ஒரு ஊசி போடுவீங்கல்ல? இதுக்கு அதுகூடப் போடாம உயிரோட உரிச்சிருக்கீங்க.”

பட்டறையே சிரித்தது. அவரும் சிரித்தார், வேறு வழி? அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முதலாளி ஒரு கனத்த கிளட்சை அவர் தலையில் கட்டிவிட்டார். பந்தய வண்டிக்குப் போடுகிற சரக்கு. நான் சிரிக்க வைப்பேன், அவர் விற்பார். பதினெட்டு வருஷமாக இதுதான் ஏற்பாடு.

கிண்டலை எழுதி வைக்கத்தான் இந்த நோட்டு. ஒரே ஆளுக்கு ஒரே கிண்டலை ரெண்டு தரம் சொன்னால் மரியாதை போய்விடும். அஞ்சாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு என்ன எழுத இருக்கிறது?

மார்ச் 6, புதன்

டாக்டர் வண்டி முடிந்தது. மச்சான் பழக்குவதற்கு எடுத்துக்கொண்டு போனான்.

புது கிளட்சை எடுத்த எடுப்பிலேயே மிரட்டக் கூடாது. அறுநூறு கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, அதுவும் இன்ஜினோடு சுற்றுகிற பிளைவீலும் ஒன்றை ஒன்று தெரிந்துகொள்கிற வரைக்கும் விட வேண்டும். பழக்குவது என்போம். புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி மாதிரி. அந்த வேலையைக் கல்யாணமே ஆகாதவன் கையில் கொடுத்து வைத்திருக்கிறது, முப்பத்தொன்பது வயசு. இதைச் சொன்னால் இவனே முதலில் சிரிப்பான். மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் தம்பி. எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான்தான் பட்டறையில் சேர்த்துவிட்டேன். வேறு எதிலும் சாமர்த்தியம் கிடையாது. ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் முதுகு நிமிரும், பேச்சு வரும், ஆளே வேறு.

மார்ச் 12, செவ்வாய்

லேப்டாப்காரன் வழுக்கையில் முடி நட்டுக்கொண்டு வந்திருக்கிறான். “கம்பெனி முடியா, வெளி மார்க்கெட் முடியா?” என்று கேட்டேன். சாயங்காலம் வரைக்கும் பேசவில்லை. கணக்கில் ஒன்று.

மார்ச் 21, வியாழன்

இன்றைக்கு ஜாக்பாட்.

மஞ்சள் வண்டி. ஜனவரி மூணாவது வாரம் கனத்த கிளட்ச் போட்டு, மச்சான் பழக்கி, வண்டிக்காரர் வெளியூர் போனதால் இங்கேயே மூடி வைத்திருந்தது. நேற்று வந்து எடுத்தார். தெருமுனை தாண்டவில்லை, பெடலை மிதித்தால் கிளட்சைத் தள்ளி விடுவிக்கிற ரிலீஸ் பேரிங் நாய் மாதிரி ஊளை விடுகிறது. இறக்கிப் பார்த்தேன். கிளட்சை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டின் நடுவில் ஸ்பிரிங் விரல்கள் வட்டமாக நிற்கும். பேரிங் சும்மாச் சும்மா உரசி அந்த விரல் நுனியெல்லாம் கண்ணாடி மாதிரி தேய்ந்திருக்கிறது. பிளேட் முகம் இறுகிப் பளபளவென்று. வெறித்தனமாகக் கிளப்பினால் இப்படி ஆகாது, அது வேறு மாதிரி வெடிக்கும். இது காலை எடுக்காததால் வருவது. கியர் மாத்தின பிறகும் பெடல் மேல் காலைச் சாய்த்து வைத்துக்கொண்டே ஓட்டினால்தான் இப்படி. பிளேட்டைப் பார்த்தால் காலைச் சொல்லிவிடுவேன், அதில் எனக்கு நிகர் இந்தப் பட்டறையில் யாரும் இல்லை.

அந்த வண்டியை மச்சானைத் தவிர ஒருத்தரும் ஓட்டவில்லை.

எல்லாரையும் கூப்பிட்டு நடுவில் பிளேட்டை வைத்தேன். “இந்தக் கால் யாரோட கால்னு கண்டுபிடிக்கிறவங்களுக்கு ஒரு டீ.” ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு வாடிக்கைக்காரர் பெயரைச் சொன்னான். கடைசியில் மச்சான் தோளில் கையைப் போட்டு முன்னால் இழுத்துவிட்டேன். “நம்ம ஒட்டுக்கால்தான்!”

“இல்ல மாமா. என் காலு தரையிலதான் இருந்துச்சு.”

“உன் கால் தரையில இருந்துச்சு, பெடல்ல இருந்தது பேயோட காலா?”

விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் ஒட்டுக்கால் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 3, புதன்

வீட்டுக்காரி கேட்கிறாள், “ஏங்க, அவன் ஏன் படி ஏறும்போது காலை முட்டிக்கிட்டே ஏறுறான்?”

கிளட்ச் கால் என்றேன். பட்டறையில் எங்களுக்கு மட்டும் தெரிந்த வியாதி. கனத்த கிளட்சை நெரிசலில் நாள் முழுக்க மிதித்தால் இடது கால் மரத்துப்போய் ரெண்டு நாள் இழுத்து இழுத்து நடப்போம். எனக்கு வந்திருக்கிறது, முதலாளிக்கு வந்திருக்கிறது. மருந்து கிடையாது, வந்தவனைப் போலவே நாங்கள் நடந்து காட்டினால் தானாகச் சரியாகிவிடும். இவனும் ரெண்டு மாசமாகக் கால் கனக்கிறது என்று முனகிக்கொண்டுதான் இருக்கிறான். நான் இன்று அவன் பின்னாலேயே நடந்து காட்டினேன். லேப்டாப்காரன் போனில் படம் எடுத்தான். மச்சான் திரும்பிப் பார்த்து, “கரெக்டா நடக்குறீங்க மாமா” என்று சிரித்தான்.

அவனைச் சீண்டுவதில் ஒரு சௌகரியம், கோபித்துக்கொள்ள மாட்டான்.

ஏப்ரல் 15, திங்கள்

டாக்டர் கத்தோ கத்து என்று கத்திவிட்டார். கனத்த கிளட்ச் போட்டு ஆறு வாரம். மேட்டில் வண்டி உறுமுகிறது, ஏற மாட்டேன் என்கிறது. மீட்டரைப் பார்த்தேன். மச்சான் ஓட்டினது அறுநூற்றிப் பத்து. டாக்டர் ஓட்டினது நாற்பத்தெட்டு. இறக்கினேன். அதே விரல். அதே கண்ணாடி. அச்சு எடுத்த மாதிரி.

முதலாளி என்னிடம் கேட்டார், எல்லார் முன்னாலும். “நீ சொல்லு. யாரு கால்?”

“குடும்பப் பேரைக் காப்பாத்தணும்னா டாக்டர் காலுன்னு சொல்லணும் முதலாளி. ஆனா பிளேட்டுக்கு உறவு தெரியாதே.”

அவர் மச்சானைப் பார்த்து, “இன்னொண்ணு போச்சுன்னா நீ வண்டியைத் தொடக் கூடாது” என்றார். டாக்டருக்கு இலவசமாக வேறு கிளட்ச். மச்சான் டாக்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டான். அவர் அவன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 17, புதன்

கை கழுவுகிற இடத்தில் மச்சான் பக்கத்தில் வந்து நின்றான். சோப்பை உருட்டிக்கொண்டே இருக்கிறான். என்னடா என்றேன்.

“மாமா, முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். சரக்கு மட்டம்னு. இந்தக் கனத்த கிளட்சே அப்படித்தான்னு. நீங்க சொன்னா நம்புவாரு.”

“ஏன், நீ காலை எடுத்து ஓட்டேன். வார்த்தையே வேணாமே.”

“எடுத்துத்தான் மாமா ஓட்டுறேன். சத்தியமா. எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷமா ஓட்டுறேன்.”

“உனக்குத் தெரியலைன்னுதானே பிளேட் சொல்லுது.”

“வண்டியை எடுத்துட்டா நான் என்ன பண்ணுவேன் மாமா?”

“ஒட்டுவேலைக்குப் போ. போஸ்டர் ஒட்டலாம்.”

கொஞ்சம் அதிகம்தான். ஆனால் வாயில் வந்ததைத் திருப்பி விழுங்கினால் எனக்கு நெஞ்சு எரியும். அதோடு பொய் சொல்லச் சொல்கிறான். வயிற்றுக்குச் சோறு போடுகிற கண்ணை நானே குருடு என்று சொல்ல முடியுமா?

ஏப்ரல் 26, வெள்ளி

வீட்டில் சாப்பிடும்போது அவனை ஒட்டுக்கால் என்று கூப்பிட்டேன். வீட்டுக்காரி தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனாள். அவன்தான் அவளைச் சமாதானப்படுத்தினான். “மாமா சும்மா சொல்றாருக்கா, நீ வேற.” பார், பெயருக்குச் சொந்தக்காரன் அவனுக்கே உறைக்கவில்லை.

மே 6, திங்கள்

முதலாளி தன்னுடைய சாம்பல் வண்டிக்கே கனத்த கிளட்ச் போடச் சொன்னார். சாவியை மச்சான் கையில் கொடுத்தார். “இதுதான் கடைசி. என் வண்டி. எரிச்சேன்னா அப்புறம் தண்ணிக் குழாய்தான் உனக்கு.” வண்டி கழுவுகிற இடத்தைச் சொன்னார்.

மச்சான் சாவியை வாங்கி ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். பாவமாகத்தான் இருந்தது. உதவி பண்ணலாம் என்று ஒரு யோசனை வந்தது. எனக்கு வருகிற உதவியெல்லாம் சிரிப்போடுதான் வரும்.

பின்பக்கம் எடுக்கும்போது பாட்டுப் பாடுகிற ரிவர்ஸ் ஹாரன் ஒன்று பழைய சாமானில் கிடந்தது. அதை கிளட்ச் பெடலுக்குக் கீழே ஒரு ஸ்விட்சோடு இழுத்துக் கட்டினேன். பெடல் மேல் ஒரு விரல் கனம் பட்டாலும் பாடும். எடுத்தால் நிற்கும். அவ்வளவுதான். கால் பட்டால் கேட்கும், கேட்டால் எடுத்துவிடுவான், வேலை தப்பிக்கும். நல்லதுதானே?

அவனிடம் சொல்லவில்லை. மற்ற எல்லாரிடமும் சொன்னேன்.

மே 7, செவ்வாய்

காலையில் எல்லாரும் வாசலில். முதலாளி டீ டம்ளரோடு. டாக்டர்கூட வண்டி எடுக்க வந்தவர் நின்றுவிட்டார்.

மச்சான் உட்கார்ந்தான், பெல்ட் போட்டான், கிளட்சை மிதித்தான். பாட்டு. திடுக்கிட்டு எங்களைப் பார்த்தான். நாங்கள் ஆகாயத்தைப் பார்த்தோம். புரிந்துகொண்டு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். முதல் கியர். வண்டி நகர்ந்தது. பாட்டு நிற்கவில்லை. ரெண்டாவது கியர், பாட்டு. நேராகப் போகிறது, கியர் மாத்த ஒன்றுமில்லை, பாட்டு. தெருமுனை திரும்புகிற வரைக்கும் பாட்டு. அந்தப் பக்கத் தெருவிலிருந்தும் கேட்கிறது. லேப்டாப்காரன் தரையில் உட்கார்ந்துவிட்டான் சிரிப்புத் தாங்காமல். “கல்யாண ஊர்வலம் வருது, வழி விடுங்க” என்றேன்.

ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். வாசலில் நிறுத்தினான். இன்ஜின் நின்றது. அப்போதும் பாடிக்கொண்டே இருந்தது.

கண்ணாடி ஏத்தியிருந்தது. உள்ளே குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம். பிறகு ரெண்டு கையையும் கீழே விட்டு, முழங்காலுக்குக் கீழே பிடித்து, காலைத் தூக்கிப் பெடலிலிருந்து இறக்கி வைத்தான். மூட்டையை இறக்கி வைக்கிற மாதிரி.

பாட்டு நின்றது.

இவனுக்கு இவ்வளவு நடிப்பு வருமென்று எனக்கே தெரியாது. அதற்குத்தான் பெரிய சிரிப்பு. டாக்டர் கை தட்டினார். மச்சான் கதவைத் திறந்து இறங்கி அவனும் சிரித்தான். முகமெல்லாம் வேர்வை. முதலாளியிடம் நேராகப் போய் சாவியை நீட்டினான். “மாமா சொன்னது சரிதான் முதலாளி. என் கால்தான்.”

இந்த வருஷத்தின் கிண்டல் இது. ஒரு பக்கம் எழுதலாம்.

மே 8, புதன்

அவன் கழுவுகிற இடத்தில். ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள், இடது கால் பூட்ஸ் கழன்று கழன்று விழுகிறதாம், செருப்போடு நிற்கிறான். போகும்போதும் வரும்போதும் எல்லாரும் அந்த ஹாரன் பாட்டைச் சீட்டியடிக்கிறார்கள். கையைத் தூக்கிக் கும்பிடு போடுகிறான்.

மே 19, ஞாயிறு

வீட்டுக்காரி ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். “மூணாவது படியில கிடந்துச்சு. அவன் ஒத்தைச் செருப்போட மேல போயிருக்கான். கேட்டா, ‘அட, கழண்டுடுச்சா’ங்கறான். தெரியவே இல்லையாம்.”

“யாரையோ மனசுல நினைச்சிருப்பான். விசாரி.”

“செருப்பு கழண்டா காலுக்குத் தெரியாதா?”

“உன் தம்பிக்கு எது தெரிஞ்சிருக்கு?”

அவள் என்னைப் பார்த்த பார்வை. எழுதி என்ன.

ஜூன் 5, புதன்

எழுத வரவில்லை.

ஜூன் 6, வியாழன்

நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் நீராவிக் குழாயால் டாக்டர் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். கிரீஸ் இளக வேண்டும் என்று கொதிக்கக் கொதிக்க வருகிற குழாய். நான் பத்தடி தள்ளி நின்று அவனிடம் பேசிக்கொண்டிருந்தேன். என்ன பேசினேன்? போஸ்டர் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஏதோ. அவன் என் பக்கம் திரும்பிச் சிரித்தான். குழாய் கீழே சாய்ந்திருந்தது. ஆவி அவன் இடது பாதத்தின் மேல் நேராக அடித்துக்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரிகிறது. அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான். பதில் சொல்கிறான். “போட்டோவும் ஒட்டுவாங்களா மாமா?” என்று கேட்கிறான். தோல் வெளுத்து எழும்புகிறது.

நான் கத்தவில்லை. கத்த வேண்டும் என்று தோன்ற எவ்வளவு நேரம் ஆனது? அவன் வாயையும் காலையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரெண்டும் ஒரே ஆளுடையது மாதிரி இல்லை.

ஓடிப்போய் குழாயை உதைத்துத் தள்ளினேன். “என்னாச்சு மாமா?” என்றான். நான் கீழே காட்டினேன். குனிந்து பார்த்தான். அதே மாதிரி குனிந்தான், அன்றைக்கு வண்டிக்குள் குனிந்தானே.

“வலிக்கலை மாமா” என்றான். எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

அய்யோ, அன்னைக்கு நடிக்கலடா அவன். கையால காலைத் தூக்கி வச்சானே, அது நடிப்பு இல்ல. அவனுக்கு அந்த நிமிஷம்தான் தெரிஞ்சுது, கால் பெடல் மேல இருக்குன்னு. கண்ணால பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டான். நாங்க கை தட்டினோம்.

ஏன்டா என்கிட்ட சொல்லலை? சொன்னானே. கால் கனக்குதுன்னு சொன்னானே. தரையிலதான் இருந்துச்சுன்னு சத்தியம் பண்ணானே. அவன் பொய்யே சொல்லலை. பிளேட்டும் பொய் சொல்லலை. நான் ஒருத்தன்தான் நடுவில் நின்னு —

ஜூன் 8, சனி

ராத்திரியெல்லாம் யோசித்தேன். பிளேட்டில் கால் தெரியும். காலுக்குள் என்ன என்று பிளேட்டிலா எழுதியிருக்கும்? நான் மெக்கானிக். டாக்டரே நின்று பார்த்தார், அவரும்தான் கை தட்டினார். பல் டாக்டர்தான், ஆனாலும்.

சரி. அவர் அன்று ஒரு நாள் பார்த்தார். நான் வீட்டிலும் பார்த்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரி. நரம்பு டாக்டர் ஒரு அம்மா, என்னை விடச் சின்னவர். மச்சானைக் கண்ணை மூடச் சொல்லி, அவன் கால் கட்டைவிரலை மேலே தூக்கி, “மேலயா, கீழயா?” என்று கேட்டார். “கீழ” என்றான். மறுபடி. “கீழ.” எல்லாமே தப்பு. பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு யோசித்து யோசித்துச் சொல்கிறான்.

முதுகெலும்புக்குள் ஒரு கட்டி. மெதுவாக வளர்ந்து நரம்பை அழுத்துகிறது. எடுக்க வேண்டும். எவ்வளவு நாள் அழுத்தியிருக்கிறதோ அந்த அளவுக்குக் கால் திரும்பி வருவது கஷ்டம் என்றார். அதனால் முதன்முதலில் எப்போது தொடங்கினது என்று தெரிய வேண்டும்.

“போன மாசம்தாங்க” என்றான் மச்சான்.

“மே மாசமா?”

“ஆமாங்க.”

வீட்டுக்காரி, “ஏப்ரல்லயே படியில முட்டிக்கிட்டான்” என்றாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் வாய் எப்போது மூடியிருக்கிறது? “ஜனவரிங்க” என்றேன். “ஜனவரி மூணாவது வாரம். டிசம்பர்ல அவன் ஓட்டின வெள்ளை வண்டியையும் வேற வேலைக்கு இறக்கிப் பார்த்தேன், அதுல விரல் சுத்தமா இருந்துச்சு. ஜனவரியில ஓட்டின மஞ்சள் வண்டியில தேஞ்சிருந்துச்சு. நடுவுலதான் கால் நின்னிருக்கு.”

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. பேரிங், விரல், கண்ணாடி எல்லாம் கையால் காட்டி விளக்கினேன். பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். ஒன்று ரெண்டு கேள்விகூடக் கேட்டார். கடைசியில் ஜனவரி என்று எழுதிக்கொண்டார்.

“நல்ல கண்ணு உங்களுக்கு” என்றார். “எங்களுக்கு இதைக் கண்டுபிடிக்க மிஷின் வேணும்.”

உண்மையாகத்தான் சொன்னார். கிண்டல் இல்லை. ஒருத்தர் கிண்டல் பண்ணுகிறாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாதா?

வெளியே வந்ததும் வீட்டுக்காரி ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். “ஜனவரியா?”

“பிளேட்டை நான் பார்த்தது மார்ச்சில” என்றேன்.

“மார்ச்சா” என்றாள்.

ஜூன் 13, வியாழன்

அவள் மாடி அறையில் தம்பியின் துணியெல்லாம் துவைத்து மடித்துக்கொண்டிருக்கிறாள். உதவட்டுமா என்றேன். அடுத்த சட்டையை எடுத்து உதறி மடித்தாள்.

ஜூன் 24, திங்கள்

ஏழு மணி நேரம். கட்டியை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை. வலது கால் தப்பித்தது. இடது கால் இருக்கிறபடிதான் இருக்கும், அதற்கு ஒரு பிளாஸ்டிக் தாங்கி போட்டு நடக்கப் பழகலாம், வண்டி ஓட்டுவது கிடையாது. “ரெண்டு மூணு மாசம் முன்னால வந்திருந்தா?” என்று வீட்டுக்காரி கேட்டாள். “வித்தியாசம் இருந்திருக்கும்” என்றார் அந்த அம்மா. நேராகச் சொல்லிவிட்டார். சுற்றி வளைக்காத மனுஷி.

ஜூலை 1, திங்கள்

பட்டறையில் புது ஓட்டுநர். நல்ல கால். சுத்தமாக எடுக்கிறான். முதலாளி மச்சானுக்குப் பழம் வாங்கிக் கொடுத்தனுப்பினார். லேப்டாப்காரன் போனில் இருந்த அந்த நடை வீடியோவை என் கண் முன்னால் அழித்துக் காட்டினான். “நீங்க இதை யாருக்காவது அனுப்பியிருக்கீங்களாண்ணே?” என்று கேட்டான். எல்லாருக்கும் அனுப்பியிருந்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

தினம் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். போகும்போதே என்ன சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு போகிறேன். நர்ஸைப் பற்றி, பக்கத்துக் கட்டில்காரர் குறட்டையைப் பற்றி, கஞ்சியைப் பற்றி. அவன் சிரிக்கிறான். முதுகில் தையல், சிரித்தால் இழுக்கும், கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். சிரிக்கிறான் என்றால் மன்னித்துவிட்டான் என்றுதானே? வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

இன்று ஒன்று சொன்னான். “மாமா, அன்னைக்கு வண்டியில பாட்டு நிக்கலைல்ல, எனக்குப் பயமே வரல மாமா. என்ன தோணுச்சு தெரியுமா? நீங்க எப்பவும்போல சரியா கண்டுபிடிச்சிட்டீங்கன்னுதான் தோணுச்சு. டாக்டர்கிட்ட போகணும்னு தோணவே இல்ல. என் மேலதான் தப்புன்னு முடிவாயிடுச்சே.”

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நான் சிரித்தேனா? வாய் கோணினது ஞாபகம் இருக்கிறது.

லிஃப்டில் இறங்கும்போது வீட்டுக்காரி சொன்னாள். சத்தம் போடவில்லை, அழவில்லை, உப்புக் குறைவாக இருக்கிறது என்று சொல்கிற குரல்.

“நாளையிலேர்ந்து நீங்க மேல வர வேண்டாங்க.”

“ஏன்?”

“நீங்க வர்ற நேரம் ஆச்சுன்னா அவன் எழுந்து உட்கார்ந்துக்கிறான். தலை சீவிக்கிறான். சிரிக்கணும்ல. நீங்க போனதும் ஒரு மணி நேரம் வலியில கிடக்கிறான்.”

“அவன் சொன்னானா?”

“அவன் எப்போ சொல்லியிருக்கான்?”

ஜூலை 10, புதன்

போகவில்லை.

ஜூலை 11, வியாழன்

போகவில்லை. பட்டறையில் பல் டாக்டர் புது ஓட்டுநரிடம் என்னைக் காட்டி, “இவருகிட்ட ஜாக்கிரதையா இருங்க, காலைப் பார்த்தே ஜாதகம் சொல்வாரு” என்றார். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். ஸ்பானர் தேடுகிற மாதிரி வண்டிக்கு அடியில் போய்விட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

அவளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டேன். வண்டி நிறுத்துகிற இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மேலே நாலாவது மாடி. எந்த ஜன்னல் என்று தெரியும். வெயில் பட்டு அத்தனை ஜன்னலும் ஒரே மாதிரி இருந்தது. ஒரு காவல்காரர் வந்து எத்தனை நேரம் நிறுத்துவீங்க என்று கேட்டார். தெரியலைங்க என்றேன். சரி என்று போய்விட்டார்.

அரை மணியில் வந்துவிடுகிறவள் இன்று ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாள். கதவைச் சாத்திப் பெல்ட் போட்டாள்.

“எப்படி இருக்கான்?”

“பேசினான்” என்றாள். “இன்னைக்குத்தான் நல்லாப் பேசினான். நிறுத்தவே இல்ல. அழுதான், மறுபடி பேசினான்.”

“என்ன பேசினான்?”

மடியில் இருந்த டிபன் டப்பாவைத் திறந்து பார்த்து மூடினாள். காலியாக இருந்தது. சாப்பிட்டிருக்கிறான்.

“வண்டியை எடுங்க” என்றாள்.

எடுத்தேன்.